பொதுவாகத்தான் சொல்கிறேன்

அன்புள்ள கார்த்திக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். போன் போட்டால் "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் ஆகி இன்றோடு இருபத்திரண்டு நாள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பாதி கேட்டுவிட்டு சரி என்று கட்டைவிரல் போடுகிறாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

திருக்கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கூட்டத்துக்குள் போக அப்பாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை, டிவியில்தான் பார்த்தோம். மீனாட்சி கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் நானும் கயிறு மாற்றிக்கொண்டேன். மஹாவுக்கு நான் அனுப்பிய கயிறு வந்து சேர்ந்ததா என்று கேட்கத்தான் அன்றைக்கு வீடியோவில் கூப்பிட்டேன். "மாத்திட்டேன் அத்தை" என்றாள், சந்தோஷம். ஆனால் சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளே துப்பட்டாவைக் கழுத்து நிறையச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? தொண்டை கட்டியிருந்தால் பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடு.

சரி, தொழில் விஷயம். தீபாவளிக்கு நீ அனுப்பிய கம்பு முறுக்கைத் தெருவில் பதினாறு வீட்டுக்குக் கொடுத்தேன். ஒரு வீட்டில்கூட நான் வாயைத் திறக்கவில்லை, டப்பாவைத் திருப்பி தயாரிப்பாளர் என்று போட்டிருக்கும் இடத்தை மட்டும் காட்டினேன். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு முறுக்குப் பிழியப் போகிறானா என்று கேட்டவர்கள்தான் இப்போது என் மகனுக்கும் ஒரு யோசனை சொல்லச் சொல்லு என்று வருகிறார்கள். காலி டப்பாவை அப்பா தூக்கிப் போட விடவில்லை. அவருடைய சர்க்கரை மாத்திரையெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அதனால் நான் உன்னைத் தடுக்க எழுதவில்லை. தடுப்பதாக இருந்தால் பதினான்கு மாதத்துக்கு முன்பே தடுத்திருப்பேன். சிந்தாமணியில் பன்னிரண்டு வருஷம் அப்பளம் போட்டவள், இப்போது மகளிர் சுயஉதவிக் குழுவில் முப்பது பேர் கணக்கைப் பார்க்கிறவள் என்கிற உரிமையில் நாலு வார்த்தை சொல்கிறேன். பொதுவாகத்தான் சொல்கிறேன், உன்னைக் குறித்து எதுவும் நினைத்துக்கொண்டு சொல்லவில்லை.

கடைகளுக்குக் கடனில் சரக்குப் போடுவதற்கு ஒரு கோடு போடு. பெரிய கடை அலமாரியில் நம் சரக்கு நிற்பது பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் காசு வராத வரைக்கும் அது நம் சரக்கு அவன் வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். முதல் பில் காசு கைக்கு வராமல் மூன்றாவது லோடு ஏற்றாதே. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு போட்டுவிட்டாயா? ஆதாரும் பான் நம்பரும் வேண்டும், அரசாங்க வெப்சைட்டில் ஒரு பைசா கிடையாது, காசு கேட்கும் இடமெல்லாம் ஏமாற்று. அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடி. மாவட்டத் தொழில் மையத்தில் இருந்து வந்து எங்கள் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தபோது நோட்டில் எழுதி வைத்தேன், இதோ பார்த்துத்தான் எழுதுகிறேன்: சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கிய கம்பெனி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லை என்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதமானால் ரிசர்வ் பேங்க் அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, அந்தக் கெடு தாண்டினால் பணத்தைக் கொடுக்கும் வரைக்கும் அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இதை அவர்கள் ஆடிட்டருக்கு ஞாபகப்படுத்தி ஒரு மெயில் போட்டாலே பாதிப் பேர் அசைவார்கள். சண்டை போடச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறேன். நீ சின்ன வயதில் இருந்தே கேட்க மாட்டாய். பக்கத்து வீட்டுப் பையன் உன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால்கூடத் திண்ணையில் உட்கார்ந்து அவன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருப்பாய்.

அப்புறம் உன் சம்பளம். மாவு, எண்ணெய், கேஸ், கவர், ஷெட் வாடகை எல்லாம் எழுதுகிறாய், உனக்கும் மஹாவுக்கும் கூலி எழுதுகிறாயா? எழுத மாட்டாய், எனக்குத் தெரியும், நானும் எழுதியதில்லை. ராத்திரி இரண்டு மணி வரை கண் முழித்து பேக்கிங் போடுவதற்கு ஒரு ஆள் வைத்தால் என்ன கொடுக்க வேண்டுமோ அதை எழுது. எழுதினால் பாதி லாபம் காணாமல் போகும், போகட்டும், அதுதான் உண்மையான கணக்கு. 2025 செப்டம்பர் 22-ல் முறுக்கு மிக்சருக்கெல்லாம் ஜிஎஸ்டி 12-ல் இருந்து 5 ஆனபோது விலையை மறுபடி போட்டுப் பார்த்தாயா? பார்த்திருப்பாய். கடைக்காசையும் வீட்டுக்காசையும் ஒரே அக்கவுண்டில் போடாதே, இதைப் போன தடவையும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன், ஒரே அக்கவுண்டில் போடாதே.

கடன் தேவைப்பட்டால் பேங்குக்குப் போ. முத்ரா என்கிற அரசாங்கத் தொழில்கடன் திட்டத்தில் 50,000 வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். மேனேஜர் நாலு தடவை அலைய விடுவார், அலை. அதற்கு ஈடு எதுவும் கேட்கக் கூடாது. எதுவுமே வைக்க வேண்டியதில்லை, கார்த்தி. வீட்டில் இருக்கிற பொருளைக் கொண்டுபோய் வைத்து, வட்டியை மட்டும் கட்டி மறுபடி மறுபடி மாற்றி வைத்துக்கொண்டே போனால், ஒரு நாள் வட்டியும் கட்ட முடியாமல் ஏல நோட்டீஸ் வரும். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

மஹாவுக்கு உடம்பு சரியாகிவிட்டதா?

இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன், இனி சுற்றி வளைத்து என்ன ஆகப்போகிறது. துப்பட்டா எதற்கு என்று எனக்குத் தெரியும் ராசா. ஒரு வருஷம் நானும் அப்படித்தான் முந்தானையைக் கழுத்தோடு இழுத்து மூடிக்கொண்டு திரிந்தேன். உன் சின்ன அத்தை கல்யாணத்துக்குத் திருமங்கலம் வரைக்கும் போகாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை.

2006-ஆம் வருஷம், நீ ஏழாம் வகுப்பு. டவுனில் ஒரு பெரிய சமையல் காண்ட்ராக்ட்காரர் 100 அப்பளம் கொண்ட ஒரு கட்டு 40 ரூபாய் என்று வருஷத்துக்கும் விலை பேசினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமான் 27, தேய்க்கிற பிள்ளைகளுக்குக் கூலி 4, கட்டுக்கு 9 ரூபாய் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். உடைசலை எழுதவில்லை, ஆட்டோவை எழுதவில்லை, என் கையை எழுதவில்லை. அந்த வருஷம் பருப்பு விலை ஏறிய ஏற்றத்தில் அரசாங்கம் ஏற்றுமதியையே நிறுத்தியது, கீழமாசி வீதியில் உளுந்து மூட்டைக்குப் பக்கத்தில் நின்று விலை கேட்கவே பயமாக இருக்கும். சாமான் செலவு மட்டும் 36-க்கு வந்துவிட்டது. 36-ம் 4-ம் 40. இதை ஒரு சிலேட்டில் எழுதியிருந்தால் நீயே சொல்லியிருப்பாய், நிறுத்தும்மா என்று. எனக்கு அவ்வளவு பெரிய ஆர்டரை விட மனசு வரவில்லை. சிந்தாமணியில் என்னை முதலாளியம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அப்பளம் வளையும் பதத்தில் எடுத்து அடுக்க வேண்டும், கூடக் காய்ந்தால் ஓரம் வெடிக்கும், குறைந்தால் பூசணம். உள்ளறையில் பாய் விரித்து, ஃபேனைப் போட்டு, நடுராத்திரி எழுந்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். அப்படியும் ஒரு நாள் காலையில் தூக்கிப் பார்த்தால் அடியில் இருந்த முந்நூறும் பச்சைப் புள்ளி. மழை விட்டதும் மறுபடி போட்டு அனுப்பினேன். அந்த ஆள் 38,000 பாக்கி வைத்துவிட்டு, நாளைக்கு வா, தை பிறக்கட்டும் என்று இழுத்தார், கடைசியில் தரவே இல்லை. உளுந்துக் கடைக்கும் கூலிக்கும் கொடுக்க வேண்டும். என் ஐந்து பவுன் தாலிக்கொடியை அடகு வைத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. ஈட்டுக்காரரிடம் வட்டி கட்ட இன்னொருவரிடம் வாங்கினேன், அவருக்குக் கட்ட மூன்றாவது ஆளிடம். அது வார வட்டி. வெள்ளிக்கிழமை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன், அம்மா இல்லை என்று சொல்ல உன்னை அனுப்புவேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தேன்.

மறு வருஷம் கடன்காரர்கள் அப்பாவின் மில் வாசலுக்கே போய் நின்றபோதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு சத்தம் போடவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டார். அந்த மாதமே சிலைமான் இடத்தை விற்றார். உனக்கு வீடு கட்டித் தரவேண்டும் என்று பத்து வருஷம் ஓவர்டைம் பார்த்து வாங்கிய மூணு சென்ட். எல்லாக் கடனையும் அடைத்துவிட்டு, கொடியை ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்க் குளித்தார்.

நீ காலேஜ் முடித்த பிறகு ஒரு தரம், உன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தரம், இருந்த ஒரே இடத்தையும் விற்றுத் தின்ற மனுஷன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாய். இரண்டு தரமும் நான் அடுப்பங்கரையில்தான் நின்றேன். இரண்டு தரமும் அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் நீ புரிந்துகொள்வாய் என்று. எனக்குத் தைரியம் இல்லை, கார்த்தி. மகனிடம் முதலாளியம்மாவாகவே இருக்க வேண்டும் என்று ஆசை. கொஞ்ச நாள் போனால் மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ அவரிடம் முகம் கொடுத்துப் பேசி எத்தனை வருஷம் ஆகிறது.

மஹாவுக்குத் தெரிந்து அவள் கையாலேயே கழற்றிக் கொடுத்திருக்கிறாள் என்றால், நீ என்னைவிட எவ்வளவோ மேல். எவ்வளவு என்று எனக்கு எழுது. முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வேறு யாருக்காவது தர வேண்டுமா, ஒரு தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. குழுவில் என் சேமிப்பு இருக்கிறது, என் பேரில் உள்கடனும் கேட்கலாம். ஷெட்டை நிறுத்துவதா நடத்துவதா என்பதை அந்தத் தாளைப் பார்த்துப் பேசலாம். நிறுத்தினாலும் அந்த டப்பாவை நான் தூக்கிப் போட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மாட்டுத்தாவணியில் இருந்து பஸ்ஸில் ஒரு அட்டைப்பெட்டி போட்டு விடுகிறேன். அப்பளம் இருக்கிறது, நாரத்தங்காய் ஊறுகாய் இருக்கிறது, மஹாவுக்கு இரண்டு மல்லிச் சரம் வாழையிலையில் சுற்றி வைக்கிறேன், விடிந்ததும் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் உனக்கு எழுதப் போகிறேன் என்று அப்பாவிடம் இன்று காலையில் சொன்னேன். எதற்கு இப்போது என்றார். அப்புறம் வெகுநேரம் கழித்து, அவன் சாப்பிடுகிறானா கேளு என்றார். சாயங்காலம் ஏழு மணிக்கு நான் குழுக் கூட்டத்துக்குப் போய்விடுவேன், போன் வீட்டில்தான் இருக்கும். அவர்தான் எடுப்பார். வைத்துவிடாதே.

அம்மா