கிங்ஸ் கிராஸ் சிலுவை இல்லை, அண்ணே

நார்த் ஷீல்ட்ஸ்
17.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூன்று பேரும் இங்கே நலம். நீ, மதினி, பிள்ளைகள், அம்மா எல்லாரும் நலமா? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் ‘எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்’ என்று ஒரே பதில். நீ உள்ளதைச் சொல்.

வாரத்தில் நாலு நாள் பேசுகிறோம், இப்போது என்ன கடிதம் என்று கேட்பாய். அம்மா பேசி, மதினி பேசி, பிள்ளைகள் பேசி, போன் உன் கைக்கு வரும்போது எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. இது அவசரத்தில் சொல்கிற விஷயமும் இல்லை. நம் பெட் ஷாப் பாய்ஸ், நாம் சின்ன வயதில் கேசட்டில் கேட்ட அந்த இங்கிலீஷ் பாட்டுக்கார ஜோடி, புது ஆல்பம் போட்டிருக்கிறார்கள். ‘நன்தலெஸ்’ என்று பெயர். தமிழில் ‘ஆனாலும்’ என்று வரும். ஏப்ரல் 26ஆம் தேதி வந்தது. ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றும், அப்புறம் சொல்லாமலே போய்விடும்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். போன வருடம் வீடு மாறி இங்கே வந்தோம் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆறு கடலில் சேருகிற இடம் இது. கீழே ஆற்றோரமாக மீன்பிடித் துறை, ‘ஃபிஷ் கீ’ என்பார்கள். நைட் டூட்டி முடிந்து மெட்ரோ ரயிலைவிட்டு இறங்கினால், சில நாள் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே போய் நிற்பேன். டீசல் புகை, ஈர வலை நாற்றம், தலைக்கு மேலே கடற்பறவைகளின் கூச்சல். கண்ணை மூடினால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகம்தான். திறந்தால் குளிர் முகத்தில் அறையும். டிசம்பரில் மாலை மூன்றே முக்காலுக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். ஆற்றுக்கு அக்கரை சவுத் ஷீல்ட்ஸ். ஏழு நிமிடத்தில் படகு கொண்டுபோய் விட்டுவிடும். கறிவேப்பிலையும் தேங்காயும் வேண்டுமென்றால் நியூகாசிலில் வெஸ்ட் ரோடு வரைக்கும் போக வேண்டும். நம் தூத்துக்குடி மக்ரூன் மட்டும் எங்கேயும் இல்லை.

இந்தப் பக்கத்து ஆட்கள் அன்பாகப் பேசினால் ‘பெட்’ என்று கூப்பிடுவார்கள். நாம் ‘கண்ணு’ என்று சொல்வதுபோல. வார்டில் எண்பது வயதுத் தாத்தா, ஊசி போட்டுவிட்டுத் திரும்பினால் ‘தேங்க்ஸ், பெட்’ என்பார். முதல் முறை கேட்டபோது எனக்கு நம் கேசட்தான் ஞாபகம் வந்தது. ஆனால் அந்தப் பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லண்டனில் ஈலிங் பக்கம், வளர்ப்புப் பிராணி விற்கும் கடையில் அவர்களுடைய நண்பர்கள் சிலர் வேலை பார்த்தார்களாம், அதை வைத்து வந்த பெயர் அது.

சரி, இப்போது உனக்குப் பிடித்த சேதி. அந்த இரண்டு பேரில் பாடுகிற நீல் டெனன்ட் பிறந்த ஊர் இதுதான் அண்ணே. 1954இல் இந்த நார்த் ஷீல்ட்ஸில் பிறந்தார். வளர்ந்து படித்தது நியூகாசிலில். நீ பதினாறு வயதில் யாருடைய குரலைக் கேட்டுக் கேட்டு இங்கிலீஷ் கற்றுக்கொண்டாயோ, அவர் பிறந்த ஊரில் நான் மீன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

மாமா கப்பலிலிருந்து வந்து இறங்கியபோது சிங்கப்பூரில் வாங்கியது என்று கொடுத்த அந்த கேசட் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ‘ஆக்சுவலி’, 1987. அட்டையில் இரண்டு பேரும் கோட்டும் போ டையும் போட்டு நிற்பார்கள். நீல் வாயைத் திறந்து கொட்டாவி விடுவார், கிறிஸ் லோ முறைத்துக்கொண்டிருப்பார். ‘கொட்டாவி விடுறதையா படம் புடிச்சுப் போடுவாங்க?’ என்று அம்மா கேட்டாள். நாடா டேப்ரெக்கார்டரில் சிக்கிக்கொண்ட அன்று நீ சாப்பிடவே இல்லை. பென்சிலை ஓட்டையில் விட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க, முறுக்கில்லாமல் நீவி நீவிச் சுற்றினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

ஆச்சி ஞாபகம் இருக்கிறதா? பாவத்தைப் பற்றிய அந்தப் பாட்டின் கடைசியில் நீல் இலத்தீனில் பாவ அறிக்கை சொல்வார். அடுப்படியில் இருந்த ஆச்சிக்கு அது காதில் விழுந்தது. ‘மெயா குல்ப்பா’ என்று வந்ததும், பழைய பூசையில் பழகிய கை, தன்னாலே நெஞ்சில் மூன்று தட்டுத் தட்டியது. ‘கோயில் பாட்டுதான் கேக்கானா?’ என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அதோடு வீட்டில் நம் கேசட்டுக்கு எதிர்ப்பே இல்லாமல் போயிற்று.

அதே கேசட்டில் இரண்டாம் பக்கம் கடைசிப் பாட்டு ‘கிங்ஸ் கிராஸ்’. அதை நீ கிறிஸ்து அரசரின் சிலுவை என்று எனக்கு விளக்கினாய். நானும் அப்படியே நம்பினேன். உன் நாற்பது பக்க நோட்டில் பாட்டு வரிகளைக் காதால் கேட்டு எழுதுவாய், விளங்காத இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்து இடம் விடுவாய். கிங்ஸ் கிராஸ் பக்கத்தில்தான் புள்ளிகள் அதிகம்.

2019 நவம்பரில் லண்டன் ஏர்போர்ட்டில் இறங்கி, ஏஜென்சி கொடுத்த தாளைப் பார்த்துப் பார்த்து, பாதாள ரயிலில் இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன். நியூகாசில் வண்டி புறப்படுகிற ஸ்டேஷனில் ஏறி வந்து பெயர்ப்பலகையைப் பார்க்கிறேன், கிங்ஸ் கிராஸ். அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என்மேல் மோதி அவரே மன்னிப்பும் கேட்டார். சிலுவை இல்லை அண்ணே, ரயில் நிலையம். வடகிழக்கிலிருந்து பிழைப்புத் தேடி லண்டனுக்கு வருகிறவன் முதலில் காலை வைக்கிற இடம். நீலும் 1972இல், பதினெட்டு வயதில், சரித்திரம் படிக்க இங்கிருந்துதான் லண்டன் போனார். அந்தப் பாட்டு ஏன் அவ்வளவு சோகமாக இருந்தது என்று முப்பது வருடம் கழித்து, நாற்பத்திரண்டு வயதில், கையில் பெட்டியோடு நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. உனக்கு அன்றைக்கே போன் போட்டிருக்க வேண்டும். அழுதுவிடுவேன் என்று போடவில்லை.

புது ஆல்பத்தில் நான்காவதாக வருகிற ‘நியூ லண்டன் பாய்’ அந்த 1972ஐப் பற்றியதுதான். வடக்கிலிருந்து வந்த பையன், அந்தக் காலத்து பௌவி, ராக்ஸி மியூசிக் பாட்டுகள், எப்படி உடுத்துவது, யாரோடு சேருவது என்று தெரியாத தவிப்பு. மொட்டைத்தலை ரௌடிக் கூட்டம் கேலி செய்யும் என்ற பயமும் இருக்கிறது. நடுவில் பாடுவதை விட்டுவிட்டுப் பேச்சாகச் சொல்கிறார், அவர்களுடைய முதல் பெரிய பாட்டான ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ஸில் சொன்ன மாதிரியே. அந்த இடம் வரும்போது உனக்கு மயிர்க்கூச்செறியும். ஆல்பம் வந்தபோது பாடுகிறவருக்கு 69 வயது, ஆனால் அந்தப் பையனை அவர் ஒரு இடத்தில்கூடப் பெரியவனாகிக் குனிந்து பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு, நீயா, வா என்கிற மாதிரி பாடுகிறார். இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டை விட்டுப் போனவர்களைப் பற்றிப் பாட்டு எழுதுகிறவர்கள் உண்டு. ஐம்பது வருடம் கழித்தும் அந்த முதல் நாள் பயத்தை மறக்காதவர் இவர்.

இதற்கு அடுத்ததே ‘டான்சிங் ஸ்டார்’. ருடால்ஃப் நுரியெவ் என்ற ரஷ்ய பாலே நடனக்காரரைப் பற்றியது. 1961இல் பாரிஸ் ஏர்போர்ட்டில் சோவியத் குழுவோடு திரும்பிப் போகாமல் அடைக்கலம் கேட்டவர், அப்போது 23 வயது. அவரும் ஊரை விட்டவர்தான். ஆனால் இது துக்கப் பாட்டில்லை, துள்ளிக்கொண்டு போகிறது. என் மகள் சமையலறையில் இதைப் போட்டுத்தான் பாத்திரம் கழுவுகிறாள்.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். ‘ஷ்லாகர்’ என்கிற ஜெர்மன் ஜனரஞ்சகப் பாட்டுகளைப் பற்றி ஒன்று வருகிறது, இரண்டு முறை கேட்டேன், இப்போது தாண்டிவிடுகிறேன். தன்னையே காதலிக்கிற அரசியல்வாதிக்குக் காவல் நிற்கிற மெய்க்காப்பாளனைப் பற்றி ஒன்று உண்டு, யோசனை நன்றாக இருக்கிறது, மெட்டு மனதில் ஒட்டவில்லை. நீ 2013 ஆல்பத்தில் கேட்டு ஆடிய அந்தத் தடதடப்பும் இதில் கம்மி. அதையும் அடுத்த இரண்டையும் செய்து கொடுத்தவர் ஸ்டூவர்ட் பிரைஸ். இந்த முறை ஜேம்ஸ் ஃபோர்ட். நிஜமான வயலின் கூட்டம் பின்னால் விரிந்து வருகிறது, மெஷின் சத்தம் அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நீலின் குரல் எப்போதும் அதட்டாத குரல், ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக எடுத்து வைக்கும், அதனால்தானே உன்னால் நோட்டில் எழுத முடிந்தது. வயலின் சூழ்ந்து நிற்கும்போது அந்தக் குரலுக்கு ஒரு கம்பளி போர்த்திவிட்ட மாதிரி இருக்கிறது.

‘வொய் ஆம் ஐ டான்சிங்’ என்று ஒன்று. தனியாக இருக்கிறேன், ஆனாலும் ஏன் ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்கிறது. கொரோனா ஊரடங்கில் எழுதியவை இந்த ஆல்பத்தில் இருக்கின்றன. உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2020இல் நான் இங்கே தனியாள். அவரும் பிள்ளையும் அடுத்த வருடம்தான் வந்தார்கள். ஒரு கட்டிலும் ஒரு மின்கெட்டிலும் இருந்த அறை. வார்டில் பன்னிரண்டு மணி நேரம் முகமூடிக்குள் இருந்துவிட்டு வருவேன், மூக்கின் மேல் தழும்பு விழுந்திருக்கும். பேச ஆள் கிடையாது. அங்கே அந்த நேரம் மத்தியானம், நீங்களும் அடைபட்டுக் கிடந்தீர்கள், என் குரலைக் கேட்டால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று போன் எடுக்காமலும் இருந்திருக்கிறேன். ஒரு நாள் காலையில் அந்தப் பழைய கேசட் பாட்டுகளைப் போனில் போட்டுவிட்டு, யூனிஃபார்மை மாற்றாமல், கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவில் இருந்த இடத்தில் ஆடினேன். பத்து நிமிடம் இருக்கும். அப்புறம் தூங்கினேன், நன்றாகத் தூங்கினேன். அதற்கு நாலு வருடம் கழித்து நீல் இந்தக் கேள்வியைப் பாட்டாகக் கேட்கிறார். யாரோ என் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய் எழுதிய மாதிரி இருந்தது.

நீலும் கிறிஸும் 1981 ஆகஸ்டில், லண்டன் கிங்ஸ் ரோட்டில் பாட்டுப்பெட்டி, ஸ்பீக்கர் விற்கிற கடையில் சந்தித்தார்கள். கிறிஸ் அப்போது கட்டடக்கலை மாணவர். நீல் பத்திரிகை வேலையில் இருந்தவர், முதல் பெரிய வெற்றி வரும்போது அவருக்கு 31 வயது. இது 15ஆவது ஆல்பம், எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு சொல்தான் பெயர். நாற்பது வருடத்துக்கு மேலாக அதே இரண்டு பேர். ஒருவர் பாடுவார், ஒருவர் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு கீபோர்டுக்குப் பின்னால் அசையாமல் நிற்பார். நான் சின்ன வயதில் அந்த அசையாதவரை நீ என்று நினைத்துக்கொள்வேன். வீட்டில் நான்தானே பாடிக்கொண்டு திரிந்தேன், பெட்டியை இயக்குவது நீ.

சிடி ஒன்று நியூகாசிலில் வாங்கி வைத்திருக்கிறேன். டிசம்பரில் இங்கிருந்து ஊருக்கு வருகிற ஒரு நர்ஸிடம் கொடுத்து அனுப்புகிறேன், கிறிஸ்மஸுக்குள் உன் கைக்கு வந்துவிடும். உன் பழைய காரில் சிடி போடுகிற இடம் இருக்கிறதே, அதில் போட்டுக் கேள். வீட்டில் வேண்டாம், பிள்ளைகள் நடுவில் பேசுவார்கள். கடற்கரை ரோட்டில் ரோச் பூங்கா பக்கம் வண்டியை நிறுத்திக்கொள். நான்காவது பாட்டை முதலில் கேட்காதே, ஒன்றிலிருந்து வரிசையாக வா.

அப்புறம் அந்த நோட்டு. பரணில் உன் இரும்புப் பெட்டியில் இருக்கும், மதினி பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருக்க மாட்டாள் என்று நம்புகிறேன். கிங்ஸ் கிராஸ் எழுதிய பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. புள்ளி வைத்த இடங்களில் என்ன வரும் என்று இப்போது எனக்குக் கேட்கிறது. எழுதி அனுப்புகிறேன், நீ உன் கையால் நிரப்பு.

அம்மாவுக்கு முத்தம். மதினியிடம் மக்ரூன் கேட்டதாகச் சொல். திரும்பி வரும்போது அதே நர்ஸிடம் கொடுத்துவிடலாம்.

அன்புத் தங்கை