முருகேசனுக்கு, அப்ரண்டிஸ் பற்றி

கணபதி, கோவை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சி மூட்டு ஆபரேஷன் முடிந்து கம்பில்லாமல் நடக்கிறாள் என்று படித்ததும் இவளுக்கு உயிர் வந்தது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி மூடியே கிடக்கிறது.

ஓசூரில் உன் பட்டறையில் ஒரு சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்) ஆளில்லாமல் நிற்கிறது, கான்ட்ராக்டரிடம் சொல்லி ஆள் இறக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். அப்ரண்டிஸ் எடு, உதவித்தொகை கொடுத்துத் தொழில் பழக்கும் பையன்களாக. சட்டம் உனக்குத் தோதாகத்தான் இருக்கிறது. 1961-ஆம் வருடத்துச் சட்டம் அது. 2019-ல் விதிகளைத் திருத்தியபோது முப்பது பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்கள் கட்டாயம் எடுக்க வேண்டும் என்றும், நான்கு பேர் இருந்தாலே விருப்பப்பட்டால் எடுக்கலாம் என்றும் வைத்தார்கள். மொத்த ஆட்களில் 15 சதவீதம் வரை போகலாம். உன் இருபது பேருக்கு மூன்று பையன்கள். ஐடிஐ முடித்தவனுக்கு அப்போது வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். அதில் நான்கில் ஒரு பங்கை, 1,500 ரூபாய் வரைக்கும், ஒன்றிய அரசு கொடுக்கிறது. இப்போதைய தொகையை உன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்.

பணம் பெரிய விஷயமில்லை. சொல்லித்தர ஆள் வேண்டும், அதுதான் செலவு.

நான் வாரத்தில் சில நாள் பக்கத்துத் தெருவில் ஒரு பம்ப் ஷாஃப்ட் பட்டறைக்குப் போய்வருகிறேன். தாராபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் அங்கே அப்ரண்டிஸ். ஐடிஐயில் நல்ல மார்க். பேரிங் உட்காரும் இடத்தை 25 மில்லிமீட்டருக்குக் கடைந்துகொண்டிருந்தான். ட்ராயிங்கில் கே6 என்று போட்டிருக்கிறது. அதாவது 25.002-க்குக் குறையக்கூடாது, 25.015-ஐத் தாண்டக்கூடாது. ஜாபைப் பிடித்திருக்கும் சக்கிலிருந்து கழற்றியதும் மைக்ரோமீட்டர் வைத்தான், 25.010. சரியாக இருக்கிறது என்று ட்ரேயில் அடுக்கிவிட்டான். டீ குடித்துவிட்டு வந்ததும் அதே ஷாஃப்டை மறுபடி அளக்கச் சொன்னேன். 25.001. பையனுக்கு முகம் வாடிவிட்டது. மைக்ரோமீட்டரைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறான். கடைசல் சூட்டில் இரும்பு விரிந்திருந்தது, ஆறியதும் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். முப்பது டிகிரி சூடு ஏறினாலே அந்தக் கனத்துக்கு எட்டொன்பது மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எட்டொன்பது பங்கு, வித்தியாசம் வந்துவிடும். உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். வெப்ப விரிவை ஐடிஐயில் பரீட்சைக்கு எழுதியவன்தான் அவன். அது தன் ட்ரேயில் உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தான். இப்போது சூட்டைத் தணிக்கும் கூலன்ட் குழாய் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்காமல் அவன் மெஷினை ஓட்டுவதில்லை. ஜாப் ஆறாமல் அளப்பதும் இல்லை.

இதைச் சொல்லித்தர பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் முருகேசா. யாரும் நிற்காவிட்டால் அந்த ட்ரே முழுக்கக் கஸ்டமரிடம் போய்த் திரும்பி வந்திருக்கும்.

திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நாம் சேர்ந்தபோது நமக்கென்று இன்ஸ்ட்ரக்டர் இருந்தார். இன்றைக்கு எத்தனை பீஸ் எடுத்தாய் என்று நம்மிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. இங்கே ஒரு பெரிய கம்பெனியில் நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அப்ரண்டிஸ் என்று பேர் போட்டுப் பையன்களை எடுத்து, வருடம் முழுக்கப் பிசிறு எடுக்கவும் பேக்கிங் போடவும் விட்டு, கடைசியில் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரு வருட இளமை போய்விட்டது, கம்பெனிக்கும் கடைசல் தெரிந்த ஒரு டர்னர் கிடைக்கவில்லை.

மகள் ஷ்டுட்கார்ட்டில் இருப்பதால் அங்கே இது எப்படி நடக்கிறது என்று பார்க்க வாய்த்தது. நம் டர்னர், மில்லர் வேலைக்கு அங்கே மூன்றரை வருடப் பயிற்சி. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மீதி நாள் கம்பெனி. பரீட்சையைத் தொழில் வர்த்தக சபை நடத்துகிறது, கம்பெனிக்காரன் தன் பையனுக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ள முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. சொல்லித்தருகிறவருக்கும் அங்கே பரீட்சை உண்டு. எவ்வளவு பெரிய தொழில்காரராக இருந்தாலும் கற்பிக்கத் தெரியும் என்று காட்டியாக வேண்டும். தனியாகப் பயிற்சிக்கூடம் வைக்க வசதியில்லாத சின்னப் பட்டறைகளுக்குப் பொதுவான பயிற்சிக்கூடங்களும் இருக்கின்றன. உன் எஸ்டேட்டில் நாலு பட்டறைக்காரர்கள் சேர்ந்தால் அதைச் செய்யலாமே.

பழக்கிவிட்டால் ஓடிவிடுவான் என்று எழுதியிருந்தாய். நியாயமான பயம்தான். ஜெர்மனியிலேயே சராசரியாகப் பயிற்சிக் காலத்தில் கம்பெனிக்குக் கைக்காசு போகிறது, பையன் அங்கேயே தங்கினால்தான் அதை எடுக்க முடிகிறது. சுவிட்சர்லாந்தில் பயிற்சிக் காலத்திலேயே பெரும்பாலும் அவன் வேலையில் செலவு திரும்பிவிடுகிறது. நம் சட்டப்படி பயிற்சி முடிந்ததும் நீ வேலை கொடுத்தாக வேண்டும் என்றில்லை, அவனும் இருந்தாக வேண்டும் என்றில்லை. ஆகவே முதல் நாளே சொல்லிவிடு: இதில் தேறினால் இந்தச் சம்பளம், இந்த மெஷின் உன் பொறுப்பு என்று. நான் பார்த்தவரை, அடுத்து என்ன என்று தெரியாத பையன்தான் ஐந்நூறு ரூபாய்க்கு இடம் மாறுகிறான். எல்லாம் சொல்லியும் ஒருவன் போனால் போகட்டும், ஓசூரில் எங்காவது நல்ல டர்னராகத்தானே இருக்கப்போகிறான்.

அதற்கு முன்னால் உன் ஃபோர்மேன் பெரியசாமி அண்ணனிடம் உட்கார்ந்து பேசு. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் மெஷினை விட்டுவிட்டுப் பையன்களோடு நிற்க அவருக்குச் சம்மதமா என்று கேள். அந்த நேரத்துக்கு அவருடைய பீஸ் கணக்கில் கை வைக்காதே, இன்சென்டிவ் குறையாமல் பார்த்துக்கொள். அவர் சரி என்றால் எழுது, சிலபஸை வாரம் வாரியாகப் பிரித்து அனுப்புகிறேன். முதல் மாதம் நானே வந்து அவரோடு இருக்கிறேன், மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது?

அன்புடன்,
தங்கவேல்