முடிவை முன்கூட்டியே எழுதிவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் கால விளையாட்டுகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற, வேடமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளும் இடம்பெற்றது மகிழ்ச்சி அளித்தது. இவற்றில் ஒருவர் கதைச் சூழலை விவரித்து ஆட்டத்தை நடத்த, மற்றவர்கள் கதைமாந்தராக மாறி என்ன செய்வதென்று முடிவெடுப்பார்கள்; அச்செயல் பலிக்குமா என்பதைப் பகடை உருட்டிப் பார்ப்பார்கள். ஆனால், ஆட்டத்தை நடத்துபவர் கதையை முடிவு வரை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரையை, நான்கு ஆண்டுகளாக எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இவ்வாட்டத்தை நடத்திவரும் என்னால் ஏற்க இயலவில்லை.

ஆடுவோர் திட்டத்தை மீறியதில்தான் இவ்விளையாட்டுக்கே வித்து விழுந்தது. 1960-களின் இறுதியில், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி, நெப்போலியன் காலப் போர் விளையாட்டொன்றைப் பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை நகரில் அமைத்து, நகரத் தலைவர், வங்கியாளர் போன்ற வேடங்களையும் நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்களோ போருக்குக் காத்திராமல் தமக்குள் சதியாலோசனையில் இறங்கினர். இருவர் ஒற்றைக்கு ஒற்றை மோதத் துணிந்தபோது, அதை எப்படித் தீர்ப்பதென்று வெஸ்லி அந்தக் கணமே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. ஆட்டம் கெட்டதென்று அவர் நினைக்க, நண்பர்களோ மீண்டும் ஆடக் கேட்டனர். அவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னெசன்தான், கேரி கைகாக்ஸுடன் இணைந்து 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கினார்.

தொடக்கத்தில் நானும் கதையை எழுதி வைத்தே நடத்தினேன். பாலத்தை மறிக்கும் கொள்ளையரை வென்று, தலைவனின் பையிலிருந்து வரைபடத்தை எடுக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, “மாமா, இவங்க ஏன் கொள்ளையடிக்க வந்தாங்க?” என்று கேட்டாள். பதில் கூறாமல் சண்டையைத் தொடங்கிவிட்டேன். கையிலிருந்த இருபது முகப் பகடையை மேசைமேல் வைத்தவள், அன்று முழுவதும் அதைத் தொடவே இல்லை.

அடுத்த வாரம் பாலத்திலிருந்தே மறுபடி தொடங்கி, அவள் கேள்விக்கு விடை சொன்னேன்: மேற்கே ஒரு சிற்றரசன் அணை கட்டியதால் அவர்களின் வயல்கள் வறண்டுவிட்டன. பிள்ளைகள் வரைபடத்தை மறந்து, கொள்ளையரையே துணைக்கு அழைத்துக்கொண்டு அணையை நோக்கிப் புறப்பட்டனர்.

ஆயத்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு என்ன தேவை, யாரும் குறுக்கிடாவிட்டால் என்ன நடக்கும் என்பவற்றை இப்போதும் எழுதி வைக்கிறேன். எந்தப் பாதையில் போனாலும் அதே குகைக்குக் கொண்டுவிடும் போலித் தேர்வுகளை மட்டும் கைவிட்டேன். பிள்ளைகள் அதை வெகு விரைவில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். தேர்வு உண்மையானால் விளைவும் உண்மையாக இருக்க வேண்டும். அவர்கள் அணையை உடைத்தபோது, கீழே இருந்த சிற்றூர் ஒன்று வெள்ளத்தில் மூழ்கியது. அவ்வூராரிடம் என்ன சொல்வது என்று, பகடையைத் தொடாமல், அன்று ஒரு மணி நேரம் பேசினார்கள்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
மதுரை