சக்கரத்தையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் செங்கோட்டை மலைப்பாதையில் 1904 முதல் ஓடிய மீட்டர் கேஜ் ரயில் போய்விட்டது. சரி, ஊட்டி ரயில் போல மிச்சமிருக்கும் பாரம்பரிய வண்டிகளாவது நீடிக்க வேண்டும். அவற்றுக்குப் புதுப் பெயின்ட் அடித்தால் செய்தியாகிறது. சக்கரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லையே என்பதுதான் என் வருத்தம்.

பழைய நீராவி எஞ்சினில் டயர் என்பது சக்கரத்தைச் சுற்றி மாட்டும் தனி இரும்பு வளையம். மாட்டுவண்டிப் பட்டை போலக் காய்ச்சி மாட்டுவார்கள், ஆறும்போது இறுகிக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் பிரேக் கட்டை உரசி உரசி அது சூடேறினால் நெகிழ்ந்து நழுவலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் டயரையும் சக்கரத்தையும் சேர்த்துக் குறுக்கே பெயின்ட் கோடு போடுகிறார்கள். கோடு விலகியிருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. சுத்தியலால் தட்டினால் நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். அப்புறம், சக்கரம் தண்டவாளத்தை விட்டு விலகாமல் தடுக்கும் விளிம்பு, வளைவுகளில் தேயும். மலைப்பாதையில் அதை அடிக்கடி அளந்தே ஆக வேண்டும்.

நெல்லை, தென்காசிப் பக்கம் ஓய்வு பெற்ற ரயில்வே தொழிலாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வேலை தெரிந்தவர்களை அழைத்து இளைஞர்களுக்குக் கற்றுத்தர தெற்கு ரயில்வே ஏற்பாடு செய்ய வேண்டும்.

- வாசகர், செங்கோட்டை