வெறும் பரலைக் கொடுக்காதீர்கள்: இலங்கை மலையகப் பிரதேச சபைகளுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். மழைநீர் சேகரிப்புக்கென்று, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களிலும் புதிய வீட்டுத் திட்டங்களிலும் 200 லீற்றர் நீலப் பரல்கள் (பீப்பாய்கள்) பகிரப்படும்போது, பெரும்பாலும் பரல் மட்டுமே வந்து சேருகிறது. படம் எடுத்து முடிந்ததும் அது தாழ்வாரத்து மூலைக்குப் போய்விடும். விறகு போட்டுவைக்க நல்ல பாத்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் சேர வேண்டுமென்றால் கூரைப் பீலி, இறங்கு குழாய், முதல் மழையைக் கழிக்கும் குழாய், நுளம்பு வலை, தண்ணீர் திறக்கும் டெப், மேடை, நிரம்பி வழிவதை வெளியேற்றும் மிகைநீர்க் குழாய் எல்லாம் வேண்டும். ஒதுக்கும் பணம் கூடாவிட்டாலும் பரவாயில்லை. பரல்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, மீதிப் பணத்தில் இந்தச் சாமான்களை வாங்கிக் கொடுங்கள்.

ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லீற்றர். 550 சதுர அடி வீடு என்றால் ஏறத்தாழ 51 சதுர மீற்றர். 10 மி.மீ. மழைக்கு, சிந்தியது சிதறியது போக, 400 லீற்றர் கிடைக்கும். இரண்டு பரல் நிறையும். லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கூரையின் முன்சாய்வில் 20 சதுர மீற்றர் கிடைத்தால் அதே மழைக்கு 160 லீற்றர். தென்மேல் பருவமழைக் காலத்தில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கமும், வடகீழ் பருவமழைக் காலத்தில் பசறை, பதுளைப் பக்கமும் 10 மி.மீ. என்பது ஒரு பெரிய மழையே அல்ல.

ஆனாலும் பரலை வறட்சிக்கு மருந்தென்று விளம்பரம் செய்ய வேண்டாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் மலசலகூடத்துக்கும் துணி துவைக்கவும் நாளுக்கு 100 லீற்றர் போனால், ஒரு பரல் இரண்டு நாளைக்குத்தான். வெயில் காலத்தைத் தாண்ட ஆயிரக்கணக்கான லீற்றர் பிடிக்கும் தொட்டி வேண்டும். 1995 அளவில் பதுளை மாவட்டத்துக்கு வந்த சமூக நீர் வழங்கல் திட்டத்தில் 5000 லீற்றர் தொட்டிகள் கட்டப்பட்டது அதனால்தான். பரலின் அருமை மழைக்குள்தான் தெரியும். அடைமழையில் ஊற்றும் ஓடையும் கலங்கி, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் செம்மண் தண்ணீராக வரும் நாட்களில், துவைக்கவும் கழுவவும் தெளிந்த தண்ணீர் வாசலிலேயே நிற்கும்.

இனி வேலை. பரல் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பழப்பாகு, சமையல் எண்ணெய் இருந்தவை கழுவினால் சரியாகிவிடும். களைக்கொல்லி, இரசாயனம் இருந்தவை எத்தனை தரம் கழுவினாலும் ஆகாது; பிளாஸ்டிக் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெள்ளைப் பரல் வெளிச்சத்தை உள்ளே விடுவதால் பாசி பிடிக்கும். கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டும்.

பீலிக்கு 20 அடிக்கு 2 அங்குலச் சாய்வு போதும். பல லயங்களில் கூரை விளிம்புப் பலகை உளுத்துப் போயிருக்கும், அதில் ஆணி நிற்காது. தாங்கிகளைக் கைமரத்தில் இரண்டரை அடிக்கு ஒன்றாக அடிக்க வேண்டும். தகரம் பீலிக்குள் ஓர் அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மலைக்காற்று தண்ணீரைச் சுவருக்கே திருப்பிவிடும். லயம் முழுவதற்கும் ஒரே பீலி ஓட்டினால் கடைசி வீட்டில்தான் எல்லாம் கொட்டும். இரண்டு வீட்டுக்கு ஓர் இறங்கு குழாய் வையுங்கள்.

அதிகம் விட்டுப்போவது முதல் மழையைக் கழிக்கும் குழாய். விறகடுப்புப் புகை ஏறும் தகரத்தில் கரி படிந்திருக்கும். சில நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். இறங்கு குழாயில் ஒரு T வடிவ மூட்டுப் போட்டு, நேர் கீழே 4 அங்குலக் குழாயை 4 அடி நீளத்துக்குத் தொங்கவிட்டு, அடியில் திருகு மூடி போடுங்கள். அதற்குள் ஏறத்தாழ 10 லீற்றர் அடங்கும். 20 சதுர மீற்றர் கூரைக்கு அரை மி.மீ. மழை. அது நிரம்பிய பிறகே தண்ணீர் பக்கவாட்டில் பரலுக்குத் திரும்பும். மூடியில் 2 மி.மீ. துளை இருந்தால் தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகும். அந்தத் துளையில் கரியும் சருகும் அடைத்தால் குழாய் நிரம்பியே கிடக்கும், அடுத்த மழையின் அழுக்கெல்லாம் நேராகப் பரலுக்குள் போகும். வாரம் ஒருமுறை மூடியைக் கழற்றிக் கழுவுவது ஐந்து நிமிட வேலை.

டெப்பை அடியிலிருந்து 4 அங்குலம் மேலே பொருத்துங்கள்; வண்டல் கீழேயே தங்கட்டும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டால் அது வட்டமாக வராது, வொஷர் இருக்காது, கசியும். வட்டமாக வெட்டும் துளைவாளைப் பயன்படுத்தி, டெப்பைப் பரலோடு இணைக்கும் பொருத்தியை உள்ளும் வெளியும் இறப்பர் வொஷர் வைத்து இறுக்க வேண்டும். சிலிக்கன் பூசி அடைக்கப் பார்க்காதீர்கள், இந்தப் பிளாஸ்டிக்கில் அது ஒட்டவே ஒட்டாது. இரண்டு வாரத்தில் தோல்போல உரிந்து வரும்.

நிறைந்த பரல் 200 கிலோவுக்கு மேல். புளொக் கல்லை இரண்டு வரிசை அடுக்கி, வாளி வைக்கும் உயரத்துக்கு மட்டமாக மேடை கட்டுங்கள். வெட்டிய மண்மேட்டின் விளிம்பில் ஒருபோதும் வைக்க வேண்டாம். மலையகத்தில் பரலைவிட ஆபத்தானது அதிலிருந்து வழியும் தண்ணீர். பீலி பூட்டினால் கூரை முழுவதின் தண்ணீரும் ஓரிடத்தில் விழும். அது வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவுக்குள் இறங்கினால் மண் கனத்து, பிடிப்பு விட்டுப்போகும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் நடந்த மண்சரிவை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. எனவே மிகைநீர்க் குழாய் இறங்கு குழாயின் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது சீமெந்துக் கான் (வடிகால்) வரை போக வேண்டும். கான் இல்லாத லயத்துக்கு முதலில் கானைக் கட்டுங்கள், பரல் பிறகு வரட்டும்.

பரலில் நுளம்பு பெருகும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வது நியாயம். முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழப் பத்து நாள் போதும். ஆனால் அவர்கள் பரலை எடுத்துவிடு என்று சொன்னால், அதே வீட்டில் திறந்த வாளிகள்தான் வரிசையாக நிற்கும். தண்ணீர் நுழையும் வாய், மிகைநீர் வாய், பரல் மூடியின் காற்றுத் துளை மூன்றிலும் 1 மி.மீ.க்கும் சிறிய கண்ணியுள்ள வலை இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கட்டும், இல்லாவிட்டால் எச்சரிக்கட்டும். மூடியைக் கம்பியால் கட்டவும் சொல்லட்டும். குரங்கும் தூக்கும், குழந்தையும் தூக்கும்.

இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் போகாது. தேயிலை மலையில் மருந்து அடிக்கும்போது காற்றில் வருவது கூரையில்தான் படியும். நிர்வாகம் முதல்நாளே லயத்துக்கு அறிவித்தால், இறங்கு குழாயைப் பரலிலிருந்து விலக்கி வைத்து, அடுத்த ஒரு நல்ல மழையை வெளியே விட்டுவிடலாம்.

கடைசியாக, தோட்ட நிர்வாகங்களுக்கு ஒன்று. லயத்துக் கூரை உங்களுடையது என்பதால், அனுமதியில்லாமல் ஒரு தாங்கி அடிக்கவும் ஆட்கள் தயங்குகிறார்கள். பீலி பூட்டலாம் என்று எழுத்தில் ஒரு பொது அனுமதி கொடுத்து, அதை மஸ்டர் (காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது) நடக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த பருவமழைக்கு முன் அது வந்தால் பூட்டும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
மலையகத்தில் பீலி பூட்டுதல், குழாய் பொருத்துதல் தொழில் செய்வோர்