கொடியவன் கழுதைப்புலிப் பன்றி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எச்.ஜீ. வெல்ஸ் 1896இல் வெளியிட்ட ‘டொக்டர் மொரோவின் தீவு’ நாவலில் வரும் கழுதைப்புலிப் பன்றியைப் பிறவிக் கொடியவனாகவே உங்கள் வாரமலர்க் கட்டுரை காட்டியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கழுதைப்புலி எங்கள் காடுகளில் இல்லை. காட்டுப்பன்றியையோ வயலில் இராக்காவல் இருக்கும் வன்னி விவசாயி நன்கறிவார். அவ்விரு விலங்குகளையும் உயிரோடு அறுத்து ஒன்றாக்கி, பேசவும் நிமிர்ந்து நடக்கவும் வைத்து, தாம் விதித்த சட்டத்தை மீறினால் ‘வேதனை இல்லம்’ எனப்பட்ட அறுவைக்கூடத்துக்கே மீண்டும் இழுத்துச் செல்லப்படும் என்ற அச்சத்தில் அதை வாழவிட்டவர், தீவில் ஆய்வு நடத்திய டொக்டர் மொரோ. தோலுரிக்கப்பட்ட நாயொன்று தமது வீட்டிலிருந்து தப்பியோடிய பின் இங்கிலாந்தை விட்டே வெளியேற நேர்ந்தவர் அவர்.

மொரோ இறந்தபின் அந்தக் கழுதைப்புலிப் பன்றி, தீவில் வந்து சிக்கிய கதைசொல்லியான பிரென்டிக்குக்குப் பணிய மறுத்ததும், அவருக்கு விசுவாசமாயிருந்த நாய்மனிதனைக் கொன்றதும் கொடுமையே. அவர் அதைச் சுட்டதையும் நான் குறைகூறவில்லை. ஆயினும், விலங்குகள் மீதான பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தப் பிரித்தானியா 1876இலேயே சட்டமியற்றியிருந்தும் விவாதம் ஓயாதிருந்த காலத்தில் எழுந்த இந்நாவலை, அறுத்தவரை விட்டுவிட்டு அறுபட்டதை மட்டும் குற்றஞ்சாட்டி வாசிப்பது பெரும் அநீதி. எங்கள் மாணவர்களும் விரும்பிப் படிக்கும் உங்கள் வாரமலர்ப் பகுதியில் மொரோவைப் பற்றியும் விரிவாக எழுதுமாறு வேண்டுகிறேன்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.