பத்தாவது பாதியில விட்டுட்டுப் போற பசங்க விஷயமா, பாப்பாவுக்கு

பாப்பா,

நீ பாடம் எடுக்குற ஸ்கூல்ல பத்தாவதுல நாலு பசங்க ஒரு மாசமா வரல, வீட்டுக்குப் போனா அம்மாக்காரி அழுவுது, ஒருத்தன் பெங்களூருக்கு டைல்ஸ் வேலைக்கே போயிட்டான்னு சொன்ன. போன்ல சொன்னா பாதி விட்டுப்போகும், அதான் வாட்ஸப்ல டைப் பண்றேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பீரியட் இல்லாத நேரத்துல படி.

அந்தப் பையன் போன மாசம்தான் படிப்பை விட்டான்னு நினைக்காத. என் கிட்ட ஐ.டி.ஐ.ல வந்த பசங்கள்ல முக்கால்வாசிப் பேரு இதே கதைதான். ஆறாவதுல வகுத்தல் வராது, எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ்ல ஏறி வந்துடுவான், ஒன்பதாவதுல அல்ஜீப்ரா வந்ததும் போர்டுல என்ன எழுதுறாங்கன்னே புரியாது, எந்திரிச்சு வாசின்னா திக்கித் திக்கி வாசிப்பான், பொம்பளப் பிள்ளைங்க சிரிக்கும், அதோட மனசு விட்டுப்போச்சு. ஆல் பாஸ் மேல நான் குறை சொல்ல மாட்டேன், பத்து வயசுப் பிள்ளைய பெயில் ஆக்கி அதே பெஞ்சுல உக்கார வச்சா இன்னும் சீக்கிரமா ஓடியிருப்பான். நடுவுல யாராச்சும் பக்கத்துல உக்காந்து அந்த வகுத்தலைச் சொல்லிக் குடுத்திருக்கணும், அதுதான் நடக்கல. அப்புறம் முகூர்த்த நாளுக்கு ஒரு அண்ணன் கேட்டரிங் வேலைக்குக் கூட்டிட்டுப் போறான், கையில ஐநூறு ரூபா, வயிறு நிறைய பிரியாணி, ஸ்கூல்ல கிடைக்காத மரியாதை அங்க கிடைக்குது. தை மாசம், ஆவணி மாசம் அட்டெண்டன்ஸை எடுத்துப் பாரு, முகூர்த்தத் தேதியும் ஆப்சென்ட் தேதியும் ஒத்துப்போகும். அந்தக் கட்டத்துலயே கண்டுபிடிச்சா பெங்களூரு வரைக்கும் போகாது.

இப்போ இவங்கள்ல ஒருத்தன் வீட்டுக்குப் போனா ஏன்டா வரலன்னு கேக்காத. அந்தக் கேள்விய எல்லாரும் கேட்டாச்சு, தலையைக் குனிஞ்சுக்குவான், அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. என்ன வேலைடா பாக்குறேன்னு கேளு. டைல்ஸ் வேலைன்னா பத்துக்கு பன்னெண்டு ரூமுக்கு ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் எத்தனை பாக்ஸ் வாங்கணும்னு கேளு, சட்டுனு எட்டு பாக்ஸ், வேஸ்டேஜுக்கு ஒன்னு சேத்துக்கங்க மிஸ்னு சொல்லுவான். 120 சதுர அடி, ஒரு டைல்ஸ் 4 சதுர அடி, 30 டைல்ஸ், பாக்ஸுக்கு நாலு. வகுத்தல் வராதுன்னு சொன்ன பையன் வாயாலயே வகுத்துட்டான் பாத்தியா, அதை அவன் அம்மா முன்னாடியே சொல்லு. அவங்க வீட்டுல யாரும் அந்தப் பையனைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை கேட்டு ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

நான் ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் டிரேடுக்குப் பாடம் எடுத்தப்போ, அதாவது இரும்பை அளந்து தேய்ச்சுப் பொருத்துற வேலை, இதைத்தான் தினமும் பாத்தேன். புள்ளி வச்ச கணக்கைக் கண்டாலே பயப்படுற பையன் கையில நுணுக்கமா அளக்குற வெர்னியர் காலிபரைக் குடுத்து, அவனே அரம் போட்டுத் தேய்ச்ச இரும்புத் துண்டை அளக்கச் சொல்லுவேன். மெயின் ஸ்கேல்ல 20, வெர்னியர்ல 14வது கோடு சேருது, ஒரு கோட்டுக்கு 0.02 மில்லிமீட்டர், 14ஐ 0.02ஆல பெருக்கு, 0.28, ஆக 20.28 மில்லிமீட்டர். டிராயிங்ல 20ன்னு இருக்கு, அப்போ இன்னும் எவ்வளவு தேய்க்கணும்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத பையனை நான் பாத்ததே இல்ல, ஏன்னா அது அவன் துண்டு, காலைல இருந்து தேய்ச்சு உள்ளங்கை கொப்புளம் ஆகியிருக்கு. ட்ரை ஸ்கொயரை, அதான் மூலைமட்டத்தை, வச்சு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, இடுக்குல வெளிச்சம் தெரியலன்னா அன்னைக்கு அவன் நடக்குற நடையே வேற மாதிரி இருக்கும்.

சரி, வழிகளுக்கு வர்றேன். மார்ச் பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கு, அதனால மொதல்ல நாமினல் ரோல்ல, அதாவது பரீட்சை எழுதுறவங்க பேர்ப் பட்டியல்ல, அவன் பேரு இருக்கணும். ரிசல்ட் பர்சென்டேஜ் குறையும்னு இந்த மாதிரி பசங்களுக்கு டி.சி. குடுத்து அனுப்புற ஸ்கூலுங்க இருக்கு, நான் கண்ணால பாத்திருக்கேன், எனக்கு இன்னைக்கும் ஆத்திரம் ஆத்திரமா வருது. நீ ஹெச்.எம். கிட்ட மரியாதையா பேசு, ஆனா பேரை எடுக்க விடாத. அஞ்சு பாடத்துலயும் 35 எடுக்குறதுதான் அவனுக்கு இப்போ டார்கெட்டு, 35க்கு எது எது போதும்னு மட்டும் பிரிச்சுக் குடு, கிராப், வடிவியல் வரைபடம், மேப் இந்த மாதிரி கையால செய்யுறதுல இருந்து ஆரம்பி. ஒன்னு ரெண்டு போனாலும் ரிசல்ட் வந்த கையோட துணைத்தேர்வு வச்சிடுறாங்க, போன பாடத்தை மட்டும் எழுதி அந்த வருஷமே மேல சேந்துக்கலாம். இதை அவனுக்கு இப்பவே சொல்லு, பெயில்னா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சுத்தான் ரிசல்ட் அன்னைக்கே பசங்க பஸ் ஏறிடுறாங்க.

பத்தாவது முடியவே முடியாதுன்னு ஒருத்தன் அடம் பிடிச்சா அவனையும் விட்டுடாத. எட்டாவது பாஸ் இருந்தா ஐ.டி.ஐ.ல வயர்மேன், வெல்டர் மாதிரி டிரேடு இருக்கு. கவர்மெண்ட் ஐ.டி.ஐ.ல ஃபீஸ் இல்ல, சைக்கிள், யூனிஃபார்ம், ஷூ, பஸ் பாஸ் குடுக்குறாங்க, ஒழுங்கா வந்தா மாசம் 750 ரூபா, அது போக கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பையன்னா தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000, பொண்ணுன்னா புதுமைப் பெண் திட்டத்துல 1000. பத்தாவது முடிச்சா ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன். ரெண்டு வருஷ ஐ.டி.ஐ. முடிச்சவன் பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம், டிப்ளமோ முடிச்சவன் பி.இ.ல ரெண்டாம் வருஷம் சேரலாம். இந்த ஏணிய வீட்டுல அப்பா அம்மா முன்னாடி ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டு, ஐ.டி.ஐ.ன்னா படிப்பு வராதவனைத் தள்ளி விடுற இடம்னு ஒரு நினைப்பு இருக்கு, டீச்சருங்களே கிளாஸ்ல அப்படிப் பேசுறாங்க. ரயில்வேல அசிஸ்டென்ட் லோகோ பைலட்டுக்கு, அதான் ரயில் ஓட்டுற உதவி டிரைவருக்கு, பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்தான் கேக்குறான். பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பி.ஹெச்.இ.எல்., கவர்மெண்ட் பஸ் டிப்போ எல்லாத்துலயும் அப்ரண்டிஸ் எடுக்குறாங்க. கம்பெனிங்க நிறைய இருக்குற ஓசூர் வேற உனக்குப் பக்கத்துலயே இருக்கு, ஒரு நாள் இந்த நாலு பேரையும் எதாவது ஒரு ஐ.டி.ஐ. ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போய் லேத்து, அதான் இரும்பைக் கடையுற மெஷின், ஓடுறதைப் பக்கத்துல நின்னு பாக்க வை, நீ பத்து தடவ பேசுறதுக்கு அது சமம்.

வேலைல சேத்து விட்டா கடமை முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அங்கதான் பாதிப் பேரு கழண்டுக்குறாங்க. முதல் மூணு மாசம்தான் கண்டம். விடியக்காலம் கம்பெனி பஸ், ஷிப்ட் மாறினா தூக்கம் கெடும், ஒரே ரூம்ல ஆறு பேரு, சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிட்டா அன்னைக்கே பையைத் தூக்கிட்டு ஊருக்கு வந்துடுவான். அந்த நேரத்துல எடுத்துப் பேச ஒரு ஆள் வேணும். மிஸ், இப்படி ஆயிடுச்சுன்னு சொல்ல ஒரு நம்பர் இருந்தா அவன் ஒரு நாள் தாங்குவான், ஒரு நாள் தாங்குனா ஒரு வாரம் தாங்குவான். திட்டம் எத்தனை வந்தாலும், ஸ்கூல்ல இருந்து வேலை வரைக்கும் மாறாம ஒரே ஆள் கூட நின்னாத்தான் இந்தப் பசங்க கரை ஏறுறாங்க. நாலு பேருக்கும் நீயே நிக்க முடியாது, உனக்கும் உடம்பு இருக்கு. ஒருத்தனுக்கு பி.டி. சார், ஒருத்தனுக்கு பள்ளி மேலாண்மைக் குழுல இருக்குற யாராச்சும், இப்படி ஆள் பாத்துப் பிரிச்சுக் குடு. வேலை குடுக்குற இடத்துல ஆர்டர் லெட்டர் இருக்கா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்குறாங்களான்னும் பாத்துக்க, டிரெய்னின்னு பேர் வச்சு வருஷக்கணக்கா ஒன்னும் கத்துக் குடுக்காம பாக்கிங் பண்ண வைக்கிற இடம் நிறைய இருக்கு.

பொம்பளப் பிள்ளைங்க கதை வேற, நீ அதைப் பத்தி ஒன்னும் சொல்லல. உங்க பக்கம் ஒரு பொண்ணு திடீர்னு ஒரு வாரம் வரலன்னா காய்ச்சல்னு நினைச்சு விட்டுடாத, அன்னைக்கே வீட்டுக்குப் போ. மாப்பிள்ளை பாக்குற பேச்சு காதுல விழுந்தா யோசிக்காம குழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு போன் போடு, உன் பேரு வெளிய வராது.

அப்புறம் பெங்களூரு போன பையனுக்கு என் நம்பரைக் குடு. ஐ.டி.ஐ. சாருன்னு சொல்லு, உங்க அப்பான்னு சொல்லாத. ராத்திரி வேலை முடிஞ்சு எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன். சாதிச் சான்றிதழ் இல்லன்னா இ-சேவைல இப்பவே போடச் சொல்லு, ஆதார்ல ஒரு பேரு, ஸ்கூல் ரெக்கார்டுல ஒரு பேரு இருந்தா அதையும் இப்பவே சரி பண்ணுங்க, அட்மிஷன் நேரத்துல அந்த ஒரு எழுத்துக்காக அலைய விடுவாங்க.

அப்பா